பேர் போட்ட பொட்டி

மந்தாரக்குப்பத்தில் பொற்கொடியின் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிற எவனும் முதலில் விலை கேட்க மாட்டான். "பேர் போட்டாச்சாக்கா?" என்றுதான் கேட்பான். போட்டிருந்தால் பேச்சு மேலே நகரும். போடவில்லை என்றால் அந்தப் பொட்டியை அவளே விற்க மாட்டாள், அப்புறம் என்ன பேச்சு.

விஷயம் இதுதான். கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கத்துப் புழுதி மட்டும் தாராளமாக வரும். பாகங்களைச் சேர்த்துப் புதிதாகப் பூட்டிய ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அவள் அங்கே கொண்டுபோய் வைப்பாள். காலையில் முதல் ஷிஃப்ட் பஸ் தெரு முனையைத் தாண்டும்போது ஸ்விட்சைப் போட்டு, தலைக்கு மேல் வேலையைக் கொடுத்துவிடுவாள். அதே பஸ் மத்தியானம் ஆட்களைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கும்வரை அது நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால், கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்பக்கம் வெள்ளை பெயின்ட்டில் "பொற்கொடி" என்று எழுதுவாள். நடுவில் நின்றுவிட்டால், எந்தச் சாமானால் நின்றதோ அது பண்ருட்டி மொத்த வியாபாரிக்கே திரும்பிப் போகும். இன்னொரு தடவை பார்க்கலாம் என்ற பேச்சே அவளிடம் இல்லை.

"மைன்ஸ்ல ஒரு பெல்ட் நின்னா அந்த ஷிஃப்டே படுத்துடும்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு. நிக்கிற சாமான் என் கண்ணு முன்னாடியே நின்னுட்டுப் போவட்டும்" என்பாள்.

வீட்டுக்காரர் பேர் பாவாடை, அந்தப் பக்கத்துச் சாமி பேர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் கான்ட்ராக்ட் ஆள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கான்ட்ராக்ட், இன்றைக்கும் கான்ட்ராக்ட். பொற்கொடிக்குப் பக்கத்து ஊர் வடக்குத்து. அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் கொல்லையில் முந்திரி பொறுக்கியவர்கள். அந்த வீட்டிலிருந்து வந்து, ஆம்பளைகளே திருப்புளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று திணறிய காலத்தில் கம்ப்யூட்டர் பூட்டக் கற்றுக்கொண்டு, கடை போட்டு, சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ்காரர்களையே தன் கடை வாசலில் காத்திருக்க வைத்தவள். அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே, யார் வீட்டுத் திமிர் அது, அவளே சம்பாதித்தது.

அந்தப் பேர் இதுவரை ஒரு சிவப்புப் பொட்டியில்கூட ஏறியதில்லை.

சிவப்பு என்றால், சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் யோசிக்கிற வேலையெல்லாம் பார்ப்பது ஒரு சில்லு, புராசசர் என்று பெயர். கடைக்கு வருகிற கம்ப்யூட்டர்களுக்கு அதைச் செய்து கொடுப்பவை ரெண்டே கம்பெனிகள். விளம்பரத்தின் நிறத்தை வைத்து வியாபாரிகள் ஒன்றை நீலம் என்பார்கள், இன்னொன்றைச் சிவப்பு என்பார்கள். பல வருஷத்துக்கு முன்னால் பொற்கொடி தகர அறையில் வைத்த சிவப்பு எல்லாம் சூடு தாங்காமல் படுத்துவிட்டன. அன்றைக்கு ஆரம்பித்தாள். "செவப்பா? அதும் மேல தோசை ஊத்தலாம், வேணுமா?" டவுன்ஷிப் முழுக்க அந்த வசனம் பரவி, தோசை என்றாலே சிவப்பு என்று ஆகிப்போனது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். அவள் பெற்ற ஒரே பெண் வெண்மதி, இன்ஜினியரிங் முடித்து, ஹைதராபாத்தில் போய் வேலைக்குச் சேர்ந்தாளே, எங்கே என்கிறீர்கள். சிவப்பில்.

"எம் பொண்ணு சிப் கம்பெனியில இருக்கா" என்று பொற்கொடி கடைக்கு வருகிறவர்கள், வராதவர்கள், வழி கேட்டவர்கள் எல்லாரிடமும் சொன்னாள். எந்தக் கம்பெனி என்று கேட்டால் உடனே யாரையோ கூப்பிட வேண்டிய ஞாபகம் வந்துவிடும். ஆனால் மந்தாரக்குப்பத்தில் எது மறைந்திருக்கிறது. ஒரு மாசத்தில் தெருவுக்கே தெரிந்தது. "என்னாக்கா, பொண்ணு தோசைக் கடையிலயா வேலை பாக்குது?" என்று கேட்டவனுக்கு அவள், ரிப்பேருக்கு வந்த அவன் மவுசை மட்டும் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகும் சிவப்பை அவள் கடையில் ஏற்றவில்லை. "பொண்ணு வேற, சாமான் வேற" என்றுவிட்டாள். வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. வெண்மதியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் பொற்கொடிக்கு உறுத்தியது.

இரண்டாயிரத்துப் பதினேழு மாசியில் சிவப்பு ஒரு புது புராசசரை இறக்கியது. எட்டு கோர். கோர் என்றால் வேறொன்றுமில்லை, சில்லுக்குள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலம் அதுவரை வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு நாலு ஆள்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு புதுப் பெயர் வைக்கும், போர்டை மாற்றச் சொல்லும், ஆள் மட்டும் நாலுதான். சிவப்பு எட்டு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, நீலம் அதேமாதிரி சாமானுக்குச் சொல்கிற விலையில் பாதியைச் சொன்னதும் வியாபாரமே குலுங்கிப்போனது. பண்ருட்டி மொத்த வியாபாரி சுப்பிரமணியன் ஒரே வாரத்தில் பலதடவை போன் போட்டான்.

"அக்கா, நீலத்துல வெலைய எறக்கிட்டாங்க. அதுவும் போதாதுன்னு, இத்தனை பொட்டி எடுத்தா கடைக்கு ஃப்ரிட்ஜ், அத்தனை எடுத்தா தாய்லாந்து டூருன்னு ஸ்கீம் உட்டுருக்கான். நீங்க எப்பவும் நீலந்தான, கண்ண மூடிக்கினு எடுத்துக்குங்க."

"கண்ண மூடிக்கினு எடுக்கறதுக்கு நான் எதுக்குக் கடை வச்சிருக்கேன்" என்றாள் பொற்கொடி. "ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணு அனுப்பு."

"செவப்பா? நீங்களா?"

"காதுல வுழுந்துச்சில்ல."

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் ரெஜின். ரெஜின் கல்யாண வீடியோக்காரன். மாதாகோயில் கல்யாணமோ மண்டபத்துக் கல்யாணமோ, விருத்தாசலம் வரைக்கும் அவன் கேமராதான். பழைய கம்ப்யூட்டர் ஒரு கல்யாண வீடியோவைச் செய்து முடிப்பதற்குள் அந்தத் தம்பதிக்கு வளைகாப்பே வந்துவிடுகிறது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவனுக்குப் புதுப் பொட்டி வேண்டும். அவன் எதை வாங்குகிறானோ அதையே வாங்குவதாக பண்ருட்டி, வடலூர் வீடியோக்காரர்கள் எல்லாம் காத்திருந்தார்கள்.

"எதுவா இருந்தாலும் சரிக்கா. நீங்க எதுக்குப் பேரு போடுறீங்களோ அதான் எனக்கு" என்றான். கொஞ்சம் தயங்கி, "ஆனா ஒண்ணு. எங்க ஆளுங்க வாய் சும்மா இருக்காது. பொண்ணு இருக்குற கம்பெனின்னு..." என்று இழுத்தான்.

"நீயே வந்து உக்காந்து பாரு. நீ எடுத்த கல்யாண வீடியோவையே குடுக்குறேன் ரெண்டுக்கும். நடுவுல நின்னா அத்தோட சரி, அது செவப்போ நீலமோ, எம் பொண்ணோ எவ பொண்ணோ."

சொல்லிவிட்டாளே தவிர, அப்புறம்தான் யோசித்தாள். சிவப்பு நின்றுபோனால் ஊர் முன்னால் மகளின் உழைப்புக்குத் தானே தோசை என்று முத்திரை குத்த வேண்டும். ஓடினால், பெண்ணுக்காக நாக்கை விற்றுவிட்டாள் என்று நாலு பேர் சொல்வார்கள், இத்தனை வருஷத்துப் பேர் போச்சு. ரெண்டு பக்கமும் இடி. இருந்தாலும் மனசுக்குள்ளே ஒரு மூலையில், அது ஓட வேண்டும், ஓடி எல்லார் மூக்கையும் உடைக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அவள் தாய்தானே.

சித்திரை முதல் நாளுக்கு லீவு போட்டு வெண்மதி வந்தாள். வந்ததும் மேஜை மேல் இருந்த ரெண்டு புராசசர் பொட்டிகளையும் பார்த்தாள். சிவப்புப் பொட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள்.

"இதுல நீ என்னா பண்ண?" என்று பொற்கொடி கேட்டாள்.

"சொல்லக் கூடாதும்மா. கம்பெனி ரூல்."

"பெத்தவகிட்ட கூடவா?"

"உங்கிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது. நீ கடைக்காரி." சிரித்தாள். அப்புறம் தாழ்ந்த குரலில், "ஒரு மூலையில இருக்கேன், அவ்ளோதான். அத உருவாக்குற ஆளு இல்ல நானு. அது எங்க ஒடையும்னு தேடுறவ. உருவாக்குறவங்க டிசைன் போட்டுக் குடுப்பாங்க, நாங்க அதுக்குத் தாறுமாறா வேலை குடுத்து, எங்க முழிக்குதுன்னு பாப்போம். முழிச்சா திருப்பி அனுப்புவோம். சில்லா வார்க்குறதுக்கு முன்னாடியே அத நடத்தி முடிச்சாகணும். வருஷக் கணக்குல அதே வேலை" என்றாள்.

பொற்கொடி மகளைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் தகர அறைப் பக்கம் திருப்பினாள்.

"அடிப்பாவி. என் வேலையத்தான் அங்கயும் போய்ப் பாக்குறியா."

"எங்க கத்துக்கிட்டேன்னு நெனைக்கிற?" என்றாள் வெண்மதி. "நீ பேரு போடணும்னு நான் கேக்க வரல. எப்பவும் பாக்குற மாதிரியே பாரு. எனக்காக ஒரு நிமிஷம்கூட முன்னாடி நிறுத்தாத."

பொற்கொடிக்கு நெஞ்சு விம்மியது. அதை மறைக்க, பாத்திரத்தை ஏன் கழுவாமல் வைத்திருக்கிறாய் என்று புருஷனைத் திட்டினாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ரெண்டு மெஷின்களையும் பூட்ட உட்கார்ந்தாள். பாவாடையும் அன்று லீவு போட்டிருந்தார். மகள் செய்த சாமான் வீட்டுக்கு வந்திருக்கிறது, வேலைக்கு எப்படிப் போவார். குளித்து, முருகன் கோயிலுக்குப் போய் வந்து, நெற்றி நிறைய சந்தனத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இதான் அதுவா, இதுக்குள்ளயா எட்டுப் பேரு இருக்கான்" என்று குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

நீலத்தைப் பொற்கொடி தன் கையாலேயே முழுக்கப் பூட்டினாள். சிவப்பில் புராசசரைப் போர்டில் உட்கார வைத்து நிமிர்ந்தபோது வாசலில் ஆள் குரல் கேட்டது. புராசசர் மேல் உட்காருகிற ஃபேனைப் புருஷன் கையில் கொடுத்தாள். அதன் அடியில் சூடு கடத்துகிற பேஸ்ட் கம்பெனியே தடவிக் கொடுத்திருந்தது. "நாலு ஸ்குரு. குறுக்கும் நெடுக்குமா சமமா முடுக்கு. உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது ஃபேன் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பாவாடை பெருமையாகத் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் ஷிஃப்ட் பஸ் போனது. ரெண்டு ஸ்விட்சையும் ஒன்றாகப் போட்டாள்.

ரெஜின் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். ரெண்டு திரையிலும் ஒரே மணப்பெண், ஒரே மாலை. சிவப்பு பறந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். நீலம் பெண் அழைப்பில் இருக்கும்போதே சிவப்பு தாலி கட்டி முடித்துச் சாப்பாட்டுப் பந்திக்கு வந்துவிட்டது. ஒரு கல்யாணம் முடிந்தால் அடுத்ததைப் போட்டாள், அதுவும் பறந்தது. ரெஜின், "என்னாக்கா இது, மாப்ள வூட்டுக்காரங்களே இவ்ளோ அவசரப்பட மாட்டாங்க" என்றான். பொற்கொடி முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தாள், ஆனால் கழுத்து தானாக நிமிர்ந்துகொண்டது. வெண்மதி கதவோரம் நின்றாள். உள்ளே வரவில்லை.

வெயில் ஏறியது. தகரம் கொதித்தது. அறைக்குள் சந்தன வாசனை மெல்லக் கிளம்பியது. புருஷன் நெற்றியிலிருந்து வருகிறது என்று பொற்கொடி நினைத்தாள்.

உச்சி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பு தள்ளாடியது. படம் நின்று நின்று நகர்ந்தது. அதுவரை ஓட்டமாக ஓடியது நடக்க ஆரம்பித்து, நடையும் தளர்ந்து, ஃபேன் அலறி, பட்டென்று திரை இருண்டது. நீலம் தன் பாட்டுக்கு அடுத்த திரையில் மொய் எழுதும் காட்சியைச் செய்துகொண்டிருந்தது.

பாவாடை முகத்தில் ஈயாடவில்லை. ரெஜின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெண்மதி வந்து கேபினெட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்தாள்.

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேங்க்கா" என்றான் ரெஜின் மெதுவாக.

பொற்கொடிக்கும் அதைச் சொல்ல நாக்கு துடித்தது. ஒரே ஒரு தடவை. யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் இத்தனை வருஷமாக இந்த அறையில் எத்தனையோ பேர் அதே வார்த்தையைக் கேட்டிருக்கிறார்கள், எவனுக்காவது அவள் சரி என்றிருக்கிறாளா.

"நின்னா நின்னதுதான்" என்றாள். "இதுக்குப் பேரு கெடையாது. கழட்டிச் சுப்பிரமணியனுக்கு அனுப்பிடுறேன். நீ நீலத்த எடுத்துக்கோ ரெஜினு, சாயங்காலம் வா."

மகள் பக்கம் திரும்பவே இல்லை. வெண்மதி, "சரியாத்தான் சொன்ன" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றாள். திட்டியிருந்தால்கூட பொற்கொடி தாங்கியிருப்பாள்.

ரெஜின் தேநீர் குடிக்கப் போனான். பொற்கொடி திருப்புளியை எடுத்தாள். அனுப்புவதென்றால் தன் கையாலேயே கழற்றி அனுப்ப வேண்டும். நாலு ஸ்குருவையும் தளர்த்தி ஃபேனைத் தூக்கினாள். பேஸ்ட் சாம்பல் நிறத்தில் இருக்கும். இங்கே புராசசரின் நட்டநடுவில் மஞ்சளாகக் காய்ந்து வெடித்து ஒரு வட்டம், அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. ஃபேனின் அடியிலும் அந்த அச்சு. கோயில் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது.

"யோவ்" என்றாள்.

பாவாடை வந்தார். பார்த்தார்.

"என்னாய்யா இது?"

"சந்தனம்" என்றார். "முருகன் கோயில் சந்தனம். மைன்ஸ்ல புது மோட்டார், புது கியர்பாக்ஸ், எது வந்தாலும் சந்தனங் குங்குமம் வைக்காம முடுக்க மாட்டமே. இது... பாப்பா செஞ்சதாச்சே. வைக்காம எப்புடிங்கிறேன். பெரிய பொட்டா வச்சேன்."

"நீலத்துக்கு ஏன் வைக்கல?"

"அது யாரு வூட்டு சாமானோ."

பொற்கொடிக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. சந்தனம் ஈரமாக இருந்தவரை சூடு எப்படியோ ஃபேனுக்கு ஏறியிருக்கிறது. காய்ந்து வெடித்ததும் நடுவில் காற்றுதான். உள்ளே எட்டுப் பேரும் வெந்துபோனார்கள். மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துகொண்டது. சத்தம் கேட்டு வெண்மதி ஓடி வந்தாள். அந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இத்தன வருஷமா எப்புடியெல்லாம் ஒடையும்னு யோசிச்சோம்ப்பா. இது மட்டும் எங்க யாருக்கும் தோணல" என்றாள்.

பாவாடைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எம் பொண்ணு பேர நானே கெடுத்துட்டனா?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் பொற்கொடியின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஆனால் சிக்கல் அப்படியேதான் இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி போட்டால், சந்தனம் கிந்தனம் என்று கதை கட்டி மகளுக்காக விதியை மாற்றிவிட்டாள் என்பார்கள். சொல்லத்தான் செய்வார்கள், அவளாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ரெஜின் தேநீர் குடித்துவிட்டு வந்தபோது அவள் எதையும் துடைக்காமல் அப்படியே திறந்து வைத்திருந்தாள்.

"பாத்துக்கோ. ஃபோட்டோ புடிச்சுக்கோ" என்றாள். ரெஜின் குனிந்து முகர்ந்து பார்த்து, சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

"ஐயோ பாவம் அங்கிளு. சரிக்கா, எனக்குப் புரிஞ்சிடுச்சு. தொடச்சிட்டுப் போடுங்க."

"உனக்குப் புரிஞ்சா ஆச்சா. பண்ருட்டி வீடியோக்காரன் நம்பணும். அந்தப் பொட்டு செவப்ப நிறுத்துச்சுன்னா நீலத்தையும் நிறுத்தணுமில்ல? நிறுத்தலன்னா குத்தம் சந்தனத்து மேல இல்ல, சாமான் மேலதான்." புருஷன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கும் கோயிலுக்குப் போய்ட்டு வா. அதே கையால, அதே அளவுக்கு நீலத்துக்கும் வைய்யி."

பாவாடை விழித்தார். "அது வேற வூட்டுப் புள்ளைன்னாலும் பாவம்டி."

"வைய்யின்னா வைய்யி."

மறுநாள் நீலம் சந்தனப் பொட்டோடு தகர அறையில் உட்கார்ந்தது. செய்தி அதற்குள் தெருவில் பரவி, பண்ருட்டியிலிருந்து ரெண்டு வீடியோக்காரர்கள் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்டு வேடிக்கை பார்க்கிற கடை உலகத்தில் இது ஒன்றுதான் என்று ஒருவன் சொன்னான். வெயில் ஏறியது, வாசனை கிளம்பியது. முந்தைய நாள் சிவப்பு தள்ளாடிய அதே மாதிரி நீலமும் தள்ளாடியது. அதற்குள்ளே நாலே ஆள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது, அதையும் பொற்கொடி மறைக்காமல் சொன்னாள். பஸ் வருவதற்கு முன்னால் அதுவும் இருண்டது. திறந்தால் அதே மஞ்சள், அதே வெடிப்பு.

வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப குத்தம் அங்கிளு மேலதான்" என்றான் ரெஜின். பாவாடை முதல் தடவையாகச் சிரித்தார்.

அதற்கு அடுத்த நாள் ரெண்டையும் துடைத்து, சாதாரண பேஸ்ட்டைத் தடவி, எல்லார் கண் முன்னாலும் பூட்டினாள். பாவாடையை முன்பக்கம் கல்லாவில் உட்கார வைத்து, பின்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பஸ் போனது. ஸ்விட்ச் விழுந்தது.

அன்றைக்கு வெயில் முன்னதைவிடக் கடுமை. தகரத்துக்குக் கீழே நின்ற மனுஷர்கள் வெளியே ஓடினார்கள், மெஷின் ரெண்டும் ஓடின. நீலமும் நல்ல சாமான்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை, நிதானமாகக் கடைசிவரை ஓடியது. சிவப்பு ஒவ்வொரு கல்யாணத்திலும் முன்னால் போய், நீலம் பந்தி பரிமாறும்போது மறுவீட்டுக்கே போய்விட்டது. உச்சி நேரம் வந்தது. பொற்கொடி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உச்சி நேரம் போனது. வெண்மதி இப்போது அறைக்குள்ளே வந்து அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். அம்மா சேலையும் மகள் சுடிதாரும் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன, ரெண்டு பேரும் நகரவில்லை.

தெரு முனையில் ஷிஃப்ட் பஸ் வந்து நின்றது. சுரங்கத்து ஆட்கள் டிஃபன் கேரியரோடு இறங்கினார்கள். ரெண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன.

பொற்கொடி முதலில் நீலத்தின் தகட்டைக் கழற்றி வழக்கம்போல் "பொற்கொடி" என்று எழுதினாள். கடைசிவரை ஓடியதற்கு மரியாதை கொடுக்க வேண்டும் அல்லவா. நான்கு ஆளே போதும் என்கிறவர்களுக்கு அது போகும். பிறகு சிவப்பின் தகட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிரஷைப் பெயின்ட்டில் தோய்த்தாள். தோய்த்த கை அப்படியே நின்றது.

"பாப்பா, இந்தச் சில்லுல உங்க பேரெல்லாம் எங்கயாச்சும் இருக்குமா?"

"இல்லம்மா. எத்தனையோ பேரு வேலை பாத்துருக்கோம். யாரு பேரும் இருக்காது. கம்பெனி பேரு மட்டுந்தான்."

"உன்னுது?"

"என்னுது எப்புடி இருக்கும்."

பொற்கொடி குனிந்து எழுதினாள். வழக்கமாக ஒரே இழுப்பில் எழுதுகிறவள், அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாக, கோலம் போடுகிற மாதிரி நிதானமாக எழுதினாள். எழுதி முடித்து ரெஜின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

பொ. வெண்மதி.

ரெஜின் படித்தான். "அக்கா, எங்க ஆளுங்க உங்க பேரத்தான் தேடுவாங்க."

"முன்னாடி ஒத்த எழுத்தா நிக்கிறேன் பாரு. வெளிய இருந்து பாத்தவ நான், அதுக்கு அது போதும். உள்ள இருந்து பாத்தவ பேருதான் முழுசா இருக்கணும். எவனாச்சும் கேட்டா அப்புடியே சொல்லு." பிரஷை டப்பாவில் போட்டாள். "தோசைன்னு சொன்னது நான்தான். அது பழைய சாமானுக்குச் சொன்னது. இதுக்கு எவனாச்சும் சொன்னா என் கடைக்கு வந்து சொல்லச் சொல்லு."

கல்லாவிலிருந்து பாவாடை எட்டிப் பார்த்துப் படித்தார். "ஏண்டி, புள்ளைக்கு இனிசியல் பா-னா தான வரும். என் எழுத்து எங்க?"

"நீதான் மொதல் ஆளா பெரிய பொட்டா வச்சியே" என்றாள் பொற்கொடி.

வெண்மதி அந்தத் தகட்டை வாங்கிப் பெயின்ட் காயும்வரை தன் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை. ரெஜின் வண்டியில் பின்சீட்டில் கயிறு கட்டிக்கொண்டு காத்திருந்தான். பொற்கொடி போனை எடுத்துப் பண்ருட்டிக்குப் போட்டாள்.

"சுப்பிரமணியா, செவப்பு எத்தனை இருக்கு? எல்லாத்தையும் அனுப்பு. ஃப்ரிட்ஜா? உன் ஃப்ரிட்ஜ நீயே வச்சிக்கோ. எம் பொண்ணு செஞ்சதுய்யா இது."